தோட்டைத் தவிர எல்லாம் விற்ற தாய்

மத்தியானம் மணி அடிச்சதும் தட்டை எடுத்துக்கிட்டு ஓடுறோமே, அந்தச் சோற்றுக்குப் பின்னால் ஒரு தாயின் கஷ்டமும் இருக்கு தெரியுமா?

காமராசர் 15.7.1903 அன்று விருதுநகரில் பிறந்தார். அப்பா குமாரசாமி தேங்காய் வியாபாரி. காமராசருக்கு 6 வயசு இருக்கும்போதே அவர் இறந்துட்டார். ஒரு மகன், ஒரு மகள். தாய் சிவகாமி அம்மாள் மனம் தளரவில்லை. காதில் கிடந்த தோட்டைத் தவிர மற்ற நகைகளை விற்றார். அந்தப் பணத்தை ஒரு வியாபாரியிடம் கொடுத்து வைத்து, மாதாமாதம் வந்த வட்டியில் குடும்பம் நடத்தினார்.

ஆனாலும் மகனின் படிப்பு 6ஆம் வகுப்போடு நின்னுபோச்சு. மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு சுதந்திரப் போராட்டத்தில் இறங்கினார். சுமார் 9 வருஷம் ஜெயிலிலேயே போனது. கல்யாணமும் செய்துக்கலை. பெற்ற மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

1954இல் மகன் முதலமைச்சர் ஆனார். அம்மாவோ விருதுநகரில் அதே பழைய வீட்டில்தான் இருந்தார். மாசச் செலவுக்கு மகன் அளவாகத்தான் பணம் அனுப்பினார். ஆனால் 1956இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டார். ஒரு பிள்ளையை ஒத்தையாளா வளர்த்தவருக்கு, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் படித்ததே பலன்.

நம்ம தருமபுரி பக்கமும் அம்மா ஒருத்தரே கூலிக்குப் போய் வளர்க்கிற வீடுகள் உண்டு. என் வீடும் அப்படித்தான். படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போயிடலாமான்னு நானும் நினைச்சதுண்டு. இதைப் படிச்ச பிறகு அந்த நினைப்பை விட்டுட்டேன். நீங்களும் விட்டுடுங்க!