ஒரு கப்பலில் இரண்டு வடக்கு

கரை காணாக் கடலிற் செல்லும் மாலுமிக்குத் துணையாவன இரண்டு. ஒன்று, திசையைக் காட்டும் காந்தவூசி. மற்றொன்று, புறப்பட்ட நாட்டின் நேரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் கொண்டுசெல்லும் காலமானி. தான் நிற்குமிடத்தில் நண்பகலாகும்போது கிறீனிச்சில் மணி யாதென்பதைக் காலமானியால் அறிபவன், தன் நெட்டாங்கையும் அறிவான். இக்கருவிகளே தம்முள் முரண்பட்டால் அவன் எதனை நம்புவது? ஒரே கப்பலில் ஓரிடத்து ஊசி ஒரு வடக்கையும், பத்தடி தள்ளிவைத்த ஊசி வேறொரு வடக்கையும் காட்டினால் யாது செய்வது? இம்முரண்பாட்டைப் பிழையென்று தள்ளாது, அதன் காரணத்தை ஆராயப் புகுந்தவருள் தலையாயவர் கப்டன் மத்தியு பிளிண்டர்ஸ். அவுஸ்திரேலியாவைச் சுற்றிவந்து அதன் கரைகளை வரைந்தவர் என்ற அளவில் அவரை மாணவர் அறிவர். ஊசியோடு அவர் நடத்திய வழக்கை அறிந்தோர் சிலரே.

அவர் 1774 மார்ச் 16 இல் இங்கிலாந்தின் லிங்கன்சயரைச் சேர்ந்த டொனிங்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் வைத்தியர், மகனும் அத்தொழிலையே மேற்கொள்வான் என்பது அவர் எண்ணம். ஆயின் றொபின்சன் குரூசோவின் கதையைப் படித்த சிறுவனுக்குக் கடல்மேற் காதல் பிறந்துவிட்டது. நாவல் படித்துப் பிள்ளைகள் கெடுகின்றனர் என்று நம்மிடம் முறையிடும் பெற்றோர் இதனையும் சிறிது சிந்திப்பாராக. கடற்படையிற் சேர்ந்த அவர், 1791 இல் கப்டன் பிளையின் கீழ், தாகிற்றித் தீவிலிருந்து ஈரப்பலா நாற்றுக்களை மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஏற்றிச்சென்ற கப்பலிற் பணிபுரிந்தார். 1795 இல் சிட்னி சேர்ந்தார். 1798 - 1799 இல் நண்பர் ஜோர்ஜ் பாஸுடன் தஸ்மேனியாவைச் சுற்றிவந்து, அது தனித்தீவே என நாட்டினார்.

1801 ஏப்பிரலில் ஆன் என்னும் நங்கையை மணந்தார். அவரையும் உடனழைத்துச் செல்ல விரும்பினார். கடற்படைத் தலைமையகம் தடுத்துவிட்டது. மனைவியைக் கரையில் விட்டு, அவ்வாண்டு யூலையில் இன்வெஸ்ரிகேற்றர் என்னும் கப்பலில் தென்கடல் நோக்கிப் புறப்பட்டார். மீண்டும் அவர் மனைவியைக் கண்டது ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னர் ஆகும்.

அக்கப்பலிற் கருவிகளுக்குக் குறைவில்லை. காலமானிகள் மட்டும் நான்கு இருந்தன. அவற்றுள் இரண்டு இடைவழியிற் பழுதுற்று நின்றன. வானசாத்திரியும் நோயுற்று நன்னம்பிக்கை முனையில் இறங்கிவிட்டார். ஆகவே, கணிப்பு வேலை பிளிண்டர்ஸ் மேலும் அவர் தம்பி சாமுவேல் மேலும் விழுந்தது. காலமானி நின்றால் மற்றொன்றைக் கொண்டு சமாளிக்கலாம். காந்தவூசியோ நிற்காமலே ஏமாற்றிற்று.

அவுஸ்திரேலியாவின் தென்கரையை அளந்து செல்கையில், கரையில் நின்று எடுத்த அளவும் கப்பலில் நின்று எடுத்த அளவும் ஒவ்வாமையை அவர் கண்டார். கருவியைக் கப்பலில் இடம்மாற்றி வைத்தால் அளவும் மாறிற்று. ஓரிடத்திலேயே வைத்திருந்தாலும், கப்பல் திரும்பும்போது ஊசி காட்டும் வடக்கும் பெயர்ந்தது. இது சிறிய காரியமன்று. ஒரு பாகை தவறினால் அறுபது மைல் ஓட்டத்தில் ஏறத்தாழ ஒரு மைல் வழி விலகும்; இரவிற் பாறையில் மோதுதற்கு அந்த ஒரு மைல் போதும். இவ்வித வேறுபாட்டை முன்னரும் கண்டவர் உளர். கப்டன் குக்கின் இரண்டாம் யாத்திரையிற் சென்ற வில்லியம் வேல்ஸ் அவர்களுள் ஒருவர். கண்டவர்கள் குறித்துவைத்து அப்பாற் சென்றனர். பிளிண்டர்ஸ் அதனை விட்டாரல்லர். கருவி கெட்டதோ, கண் தவறிற்றோ என்று ஐயுற்று, அளவுகளைத் திரும்பத் திரும்ப எடுத்து நிரைப்படுத்தினார்.

நிரைப்படுத்தியபோது முரண்பாட்டுக்குள் ஓர் ஒழுங்கு வெளிப்பட்டது. கப்பலின் அணியம் காந்த வடக்கையோ தெற்கையோ நோக்குகையிற் பிழை இல்லை. கிழக்கையோ மேற்கையோ நோக்குகையிற் பிழை மிகப் பெரிது. கிழக்கு நோக்கியபோது ஒரு பக்கமாகவும் மேற்கு நோக்கியபோது மறு பக்கமாகவும் அது அமைந்தது. இதனினும் வியப்பு ஒன்றுண்டு. இங்கிலாந்தை அடுத்த கடலில் ஊசியின் வடமுனை அணியத்தின் பக்கம் இழுக்கப்பட்டது. தென்கடலிலோ தென்முனை அப்பக்கம் இழுக்கப்பட்டது.

ஊசியில் குற்றமில்லை, கப்பலே அதனை இழுக்கின்றது என அவர் துணிந்தார். பீரங்கிகளும் குண்டுகளும் நங்கூரங்களும் இரும்பு; பூமியின் காந்தவாற்றலால் அவ்விரும்பும் காந்தத்தன்மை எய்துகின்றது. வடபாதியில் நிமிர்ந்து நிற்கும் இரும்பின் மேல்நுனி ஊசியின் வடமுனையை இழுக்கும். தென்பாதியில் இது மாறும். காந்தத்தின் முன் இரும்பு செயற்படுவதை மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தில் உவமையாக எடுத்தாண்டமை நம்மவர் அறிந்ததே. அதே உறவு இங்கே ஒரு கப்பலை வழிதவறச் செய்தது.

1802 யூலையிற் சிட்னியை விட்ட கப்பல், கண்டத்தைச் சுற்றி 1803 யூனில் மீண்டது. பங்காறி என்னும் ஆதிக்குடித் தலைவர் உடன் சென்றார். வடகரையில் மக்காசரிலிருந்து கடலட்டை எடுக்க வந்த படகுகளை அவர்கள் சந்தித்தனர். அப்படகுத் தலைவரான பொபாசுவிடம் இருந்த கருவி, சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறிய ஒல்லாந்தத் திசைகாட்டி ஒன்றே. நான்கு காலமானிகளோடு வந்தவர் அதனைப் பார்த்து என்ன எண்ணியிருப்பாரோ!

இன்வெஸ்ரிகேற்றர் உழுத்துப்போனமையால், தாயகம் செல்ல வேறு கப்பலில் ஏறினார். அக்கப்பல் 1803 ஓகஸ்ற்றிற் பவளப்பாறையில் மோதியுடைந்தது. திறந்த படகொன்றில் ஏறத்தாழ 700 மைல் கடந்து சிட்னி சேர்ந்து, மணற்றிட்டில் தவித்த தோழருக்கு உதவி கொண்டுசென்றார். பின்னர் கம்பர்லாண்ட் என்னும் 29 தொன் சிறுகலத்திற் புறப்பட்டார். அதில் நீர் ஊறிற்று. டிசெம்பரில், அந்நாளிற் பிரெஞ்சுக்காரருக்கு உரியதாயிருந்த மொரிசியஸ் தீவை அடைந்தார். பிரான்சும் இங்கிலாந்தும் மீண்டும் போர் தொடங்கியிருந்தமை, அத்தீவை அணுகும்வரை அவர் அறியாததொன்று.

ஆளுநர் டெக்கேனின் முன்னும் ஒரு முரண்பாடு வந்து நின்றது. பிளிண்டர்ஸ் காட்டிய பிரெஞ்சு அனுமதிப்பத்திரத்தில் இருந்த பெயர் இன்வெஸ்ரிகேற்றர். துறையில் நின்ற கலம் கம்பர்லாண்ட். பெரிய ஆராய்ச்சித் தலைவர் இத்துணைச் சிறிய ஓட்டைக் கலத்தில் வருவாரா? சிட்னி ஆளுநர் கொடுத்தனுப்பிய அரசாங்கக் கடிதங்களும் அவரிடம் இருந்தன. ஒற்றனென ஐயுற்று ஆளுநர் காவலில் வைத்தார். பின் விருந்துக்கு அழைத்தார்; மானமிகுந்த பிளிண்டர்ஸ் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு விவேகமானது என்று கூற எமக்கு மனம் வரவில்லை. இரு தாள்கள் ஒவ்வாமையின் காரணத்தை ஆராய்ந்து பார்க்கும் பொறுமை டெக்கேனிடம் இருக்கவில்லை. நெப்போலியன் 1806 இல் விடுதலைக்கு இசைந்தும், ஆணை 1807 இல் தீவை அடைந்தும், பிளிண்டர்ஸ் விடப்பட்டது 1810 யூனிலேதான். ஆறரை ஆண்டுகள்! உலகைச் சுற்றி உடன்வந்த ட்றிம் என்னும் பூனையும் அத்தீவிற் காணாமற் போயிற்று.

காவலிலிருந்தே அவர் காந்தவூசி பற்றிய கட்டுரையை எழுதி அனுப்பினார். இலண்டன் றோயல் சங்கம் அதனை 1805 இல் வெளியிட்டது. 1804 இல் அங்கு வரைந்த படத்தில் அவுஸ்திரேலியா என்னும் பெயரையும் பொறித்தார். ஆயினும் முழுக்கண்டத்தையும் காட்டும் படத்தை 1811 இல் முதலில் அச்சிட்டவர் பிரெஞ்சுக்காரராகிய பிறேசினே. காலம் கடத்தியதன் கொடுமை இதுவே.

நாடு மீண்டபின், 1812 இல் கடற்படைக் கப்பல்கள் சிலவற்றில் பரிசோதனை நடத்தி, தம் முடிபை மெய்ப்பித்தார். திசைகாட்டியின் அருகே நிமிர்ந்த இரும்புக்கோல் ஒன்றைத் தக்கவாறு நிறுத்தினால், கப்பல் இரும்பின் இழுப்பை அது எதிர்த்துச் சமன் செய்யும் என்பது அவர் கண்ட வழி. மரக்கப்பல் போய் இரும்புக்கப்பல் வந்த காலத்தில் அதன் அருமை புலனாயிற்று. அக்கோல் பிளிண்டர்ஸ் கோல் என்றே பெயர் பெற்றது.

நோய் அவரை வாட்டியது. தென்னிலப் பயணம் பற்றிய அவரது பெருநூல் 1814 யூலை 18 இல் வெளிவந்தது. மறுநாள் அவர் உயிர் நீத்தார். வயது நாற்பதே. மனைவியும் இரண்டு வயது மகளும் எஞ்சினர். அம்மகளின் மைந்தரே எகிப்தியத் தொல்பொருளாராய்ச்சியாற் புகழ்பெற்ற பிளிண்டர்ஸ் பெற்றி.

இலண்டனில் அவரைப் புதைத்த இடம் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. 2019 சனவரியில் இயூஸ்ரன் புகையிரத நிலையத்தருகே புதிய பாதைக்காக நிலத்தை அகழ்ந்தோர், பேழைமேற் பதித்த ஈயத்தகட்டில் அவர் பெயர் அழியாதிருக்கக் கண்டனர். 2024 யூலை 13 இல் அவரைப் பிறந்த ஊராகிய டொனிங்டனுக்குக் கொண்டுசென்று, அவ்வூர்த் தேவாலயத்தில் அடக்கஞ் செய்தனர்.