நிக்கோலா டெஸ்லா

இன்று குரோவேசியா என வழங்கும் நாட்டின் சிற்றூர் ஒன்றில், 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் நிக்கோலா டெஸ்லா பிறந்தார். தந்தையார் செர்பியத் திருச்சபையின் குரு. அன்னையார் பள்ளி சென்றறியாதவர்; எனினும் வீட்டுக் கருவிகளைத் தாமே புதிதாக அமைக்கும் திறம் வாய்ந்தவர். மகனும் குருவாதல் வேண்டும் எனத் தந்தையார் விரும்பினார். மகனின் உள்ளமோ பொறியியலை நாடிற்று.

ஆஸ்திரியாவில் கிராஸ் நகரக் கல்லூரியில் அவர் பயின்றபோது, ஆசிரியர் நேர்மின்னோட்டப் பொறி ஒன்றை இயக்கிக் காட்டினார். மின்னோட்டத்தைத் திருப்பும் உறுப்பு உராய்ந்து தீப்பொறி சிந்தியது. அவ்வுறுப்பின்றியே பொறியை இயக்கலாகாதோ என டெஸ்லா வினவினார். அஃது ஒருகாலும் இயலாது என ஆசிரியர் மறுத்தார். ஆயினும், டெஸ்லா அவ்வெண்ணத்தைக் கைவிட்டாரில்லை.

1882ஆம் ஆண்டு, புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் உலவுகையில் விடை தோன்றியது. உடனே மணலில் கோலால் வரைந்து நண்பருக்கு விளக்கினார். மாறுமின்னோட்டம் ஏறியிறங்கும் இயல்பினது. ஒன்றன்பின் ஒன்றாக ஏறியிறங்கும் இரண்டு அல்லது மூன்று மின்னோட்டங்களைத் தனித்தனிக் கம்பிச் சுருள்களில் செலுத்தினால், காந்தவிசை வட்டமாகச் சுழலும். நடுவிலுள்ள உருளையும் உடன் சுழலும். மூவர் முறைவைத்துத் திரிகை சுற்றுங்கால், ஒருவர் கை ஓய மற்றொருவர் கை ஓங்கும், திரிகை நில்லாது. அத்தன்மையதே இதுவும்.

1884இல் அமெரிக்கா சென்ற டெஸ்லா, எடிசனின் தொழிலகத்தில் சில திங்கள் பணியாற்றி விலகினார். பின்னர் வறுமையுற்று, பள்ளம் தோண்டும் கூலிவேலையும் செய்தார். 1888இல் அவர்தம் உரிமைகளை வெஸ்டிங்ஹவுஸ் பெற்றார். 1891இல் ஜெர்மனியில் டொலிவோ-டொப்ரொவொல்ஸ்கி என்பார், மும்முனை மின்சாரத்தை 175 கிலோமீட்டர் தொலைவு செலுத்திக் காட்டினார். இருமுனைக்கு நான்கு கம்பிகள் வேண்டும். மும்முனைக்கு மூன்றே போதும். ஆதலின், நயாகரா அருவியில் இருமுனையாகப் பிறந்த மின்சாரம், மும்முனையாக மாற்றப்பெற்று, 1896இல் பஃபலோ நகரை அடைந்தது.

இந்நாளில் அமெரிக்க இல்லங்களில் 120 வோல்ட், நொடிக்கு 60 சுழற்சி. இந்தியாவில் 230 வோல்ட், 50 சுழற்சி. அளவுகள் நாட்டுக்கு நாடு வேறுபடினும், பெரும்பொறிகளைச் சுழற்றும் நெறி ஒன்றே.

பொருளைப் பேணாத டெஸ்லா, 1943ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் நியூயார்க் விடுதியறையில் தனியராய் உயிர்நீத்தார். 1960இல் காந்தப்புல அளவைக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. செல்வம் அவரிடம் தங்கவில்லை. இயலாது என்ற சொல்லுக்கு அஞ்சாமையால் அவர் கண்ட உண்மை உலகெங்கும் சுழன்றுகொண்டிருக்கிறது.