முத்திரைத்தாளில் ஓர் அரசாங்கம்

சிமோன் டி ஆண்டா போர்வீரர் அல்லர், நீதிபதி. ஸ்பெயினின் பாஸ்க் நிலத்தில் பிறந்து சட்டம் படித்தவர். ஐம்பது வயதைக் கடந்த பிறகு, 1761இல், பிலிப்பைன்ஸின் மணிலாவில் இருந்த அரச உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். அங்கே ஆளுநர் பதவி வெற்றிடமாக இருந்ததால் பேராயர் மானுவேல் ரோஹோ அதைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு செப்டெம்பரில் பிரித்தானியக் கப்பல்கள் மணிலா விரிகுடாவுக்குள் நுழைந்தன. அவை புறப்பட்டு வந்தது நமக்குப் பழக்கமான மெட்ராஸிலிருந்து. அங்கு திரட்டிய சிப்பாய்களும் அவற்றில் இருந்தார்கள். போர் முடிந்தபின் அவர்களில் சிலர் திரும்பிப் போகாமல் மணிலாவுக்கு அருகே காயிந்தாவில் குடும்பமாகிவிட்டார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

நகரம் விழப்போகிறது என்று தெரிந்ததும், மாகாணங்களைக் காக்கும் பொறுப்பை ஆண்டாவிடம் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். ஒக்டோபர் 4 இரவு ஒரு சிறு படகில் புலக்கானுக்குப் போனார். கையில் இருந்தவை 500 பேசோக்களும் 40 முத்திரைத்தாள்களும் என்பார்கள்.

இடம்பெயர்ந்தவர்களைச் சந்திக்கும்போது, வெளிக்கிடும்போது எதை எடுத்தீர்கள் என்று நான் கேட்பதுண்டு. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை என்றுதான் பலர் சொல்வார்கள். அதனால் அந்த 40 தாள்கள் எனக்கு வியப்பாக இல்லை.

மணிலா வீழ்ந்தது. கைதியான பேராயர் சரணடைவுக்கும் 40 இலட்சம் பேசோ கப்பத்துக்கும் சம்மதித்தார். ஆண்டா சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மற்ற அதிகாரிகள் எதிரியின் பிடியில் இருக்கையில், வெளியே இருக்கும் ஒரே நீதிபதியிடமே நீதிமன்றத்தின் அதிகாரமும் ஆளுநர் பதவியும் வந்து சேரும் என்பது அவரது வாதம். பம்பாங்காவின் பகோலோர் ஊரைத் தலைநகராக்கினார். பிரித்தானியர் அவர் தலைக்கு விலை வைத்தார்கள். அவரும் அவர்களின் தலைகளுக்கு விலை வைத்தார். மெக்சிகோவிலிருந்து வந்த வெள்ளி அவர் கைக்குக் கிடைத்ததால் படையும் நின்றது. பிரித்தானியரால் மணிலாவையும் கவிதே துறைமுகத்தையும் தாண்டி அதிகம் விரிய முடியவில்லை.

ஸ்பானிய வரலாற்றில் அவர் வீரர். நான் அத்தோடு நிறுத்தமாட்டேன். அந்தப் போரில் இரண்டு அரசுகளுக்கும் இடையில் அகப்பட்டவர்கள் இருந்தார்கள். 1762 டிசம்பரில் குவாகுவாவில் இருந்த சீனர்கள் சதி செய்கிறார்கள் என்று சந்தேகித்து ஆண்டா படையோடு போனார். பலர் கொல்லப்பட்டார்கள், சீனர்களைத் தூக்கிலிடும் கட்டளை மற்ற மாகாணங்களுக்கும் போனது. ஒரு சிலர் மீதான சந்தேகம் எப்படி ஓர் இனத்தின் மீதே விழும் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

வடக்கே இலோகோஸில் டியேகோ சிலாங் என்பவர் வரிச்சுமைக்கும் ஸ்பானிய அதிகாரிகளுக்கும் எதிராக எழுந்து, பிறகு பிரித்தானியரின் ஆதரவை நாடினார். 1763 மே மாதம் ஸ்பானியத் தரப்பு ஏவிய பழைய நண்பரே அவரைச் சுட்டுக் கொன்றார். போரைத் தொடர்ந்த மனைவி கப்ரியேலாவை அதே ஆண்டு செப்டெம்பரில் விகானில் தூக்கிலிட்டார்கள்.

இதற்கிடையே 1763 பெப்ரவரியிலேயே பாரிஸில் சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. மணிலாவில் பிரித்தானியர் வெளியேற அடுத்த ஆண்டு வரை பிடித்தது. 1764இல் புதிய ஆளுநர் வந்ததும் ஆண்டா பதவியை ஒப்படைத்தார். இழுத்தடித்ததாகத் தெரியவில்லை. இதை நான் அவர் பக்கம் எழுதிக்கொள்கிறேன்.

ஸ்பெயினில் கௌரவங்கள் கிடைத்தன. பிலிப்பைன்ஸில் துறவற சபைகளின் முறைகேடுகளைப் பட்டியலிட்டு மன்னருக்கு அறிக்கை கொடுத்தார். 1770இல் நிரந்தர ஆளுநராகவே மணிலா திரும்பினார். அந்தச் சபைகளோடு மல்லுக்கட்டியபடி, 1776 ஒக்டோபர் 30 அன்று கவிதேயில் காலமானார்.