தியாகி கக்கன் அவர்களும் மக்களாட்சியும்

மதுரை மாவட்டத்தில், மேலூரை அடுத்துள்ள தும்பைப்பட்டி என்னும் சிற்றூரில், 1908-ஆம் ஆண்டு சூன் திங்கள் 18-ஆம் நாள், கோயில் பூசாரி ஒருவரின் மகனாகக் கக்கன் பிறந்தார். பூசாரியின் மகன் என்றதும் வசதி படைத்த குடும்பம் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. தம் மக்கள் வழிபடும் சிறு கோயிலில் தெய்வத்திற்குப் பூசை செய்தவர் அவர் தந்தையார். ஆயினும், சில கல் தொலைவிலே இருந்த மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வாயிலைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைக்க அந்தப் பூசாரிக்கு உரிமை கிடையாது. மேலூர் வட்டமோ 1895-க்குப் பின் முல்லைப் பெரியாற்று நீர் பாய்ந்து செழித்த பூமி. வாய்க்காலில் நீர் வந்தது. வயலில் நெல் விளைந்தது. அந்த வயலில் இறங்கி உழைத்த நம் மக்களுக்கோ பெரும்பாலும் சொந்தமாக ஒரு காணி நிலமும் இல்லை. இப்படிப்பட்ட மண்ணிலே பிறந்த ஒருவர், பின்னாளில் இம்மாநிலத்தின் அணைகளையும் வாய்க்கால்களையும் ஆளும் அமைச்சரானார் என்பது மக்களாட்சி என்னும் ஏற்பாட்டினால் மட்டுமே நிகழக்கூடிய செயலாகும்.

உயர்கல்வி பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆனால், பிறர் பிள்ளைகளின் கல்விக்கு உழைக்கும் வாய்ப்பு இளமையிலேயே கிட்டிற்று. மதுரையில் வழக்கறிஞராக இருந்த அ. வைத்தியநாத ஐயரின் தொடர்பால் காங்கிரசுப் பேரியக்கத்தில் ஈடுபட்டு, தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான விடுதிப் பணியை மேற்கொண்டார். விடுதி நடத்துவது எத்துணைக் கடினமான தொண்டு என்பதை நம் கல்விக் கழகத்தின் மூத்த உறுப்பினர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அரிசி வாங்கிய கணக்கும், விறகு வாங்கிய கணக்கும், பிள்ளைகளின் தலை எண்ணிக்கையும் நாள்தோறும் ஒத்து வர வேண்டும். ஒருவருடைய நேர்மைக்கு அமைச்சர் நாற்காலியை விட விடுதிச் சமையற்கட்டே கடுமையான சோதனைக்களம் என்பது இக்கட்டுரையாளனின் எண்ணம்.

1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள், வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த சிறு குழுவில் கக்கனும் ஒருவர். தந்தைக்கு மறுக்கப்பட்ட வாயிலை மகன் கடந்தார். அந்நாளில் கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்தவர் ஆர். எஸ். நாயுடு. நுழைவுக்கு இசைவளித்த அதிகாரிகள் மீது வழக்கும் தொல்லையும் வரக்கூடும் என்ற நிலையில், இராசாசி தலைமையிலான சென்னை மாகாண அரசு அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டத்தை அவ்வாண்டிலேயே கொண்டுவந்தது. இந்நிகழ்ச்சியில் நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. தொண்டர்களின் துணிவு ஒருபுறம். கடமையைச் செய்யத் துணிந்த அதிகாரி ஒருபுறம். அவ்வதிகாரியைக் கைவிடாத அரசு மற்றொருபுறம். இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அன்று திறந்த கதவு மறுநாளே மூடப்பட்டிருக்கும்.

1942-ஆம் ஆண்டின் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் அவர் சிறை சென்றார். 1946-இல் இந்திய அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினரானார். அண்ணல் அம்பேத்கர் அவர்கள் வரைவுக் குழுவின் தலைவராக வீற்றிருந்த அதே மாமன்றத்தில் தும்பைப்பட்டி பூசாரியின் மகனுக்கும் ஓர் இருக்கை இருந்தது. கக்கன் அம்மன்றத்தின் பெரும் பேச்சாளர்களுள் ஒருவர் அல்லர்; அதை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அம்மன்றம் செய்த முடிவுகளுள் தலையாயது, படித்தவர் படிக்காதவர், நிலமுடையவர் இல்லாதவர் என்ற வேறுபாடின்றி, வயது வந்த அனைவர்க்கும் ஒரு வாக்கு என்பதாகும். அரசியலில் ஒருவர்க்கு ஒரு வாக்கு என்ற சமன்மையும், சமுதாய வாழ்வில் ஏற்றத்தாழ்வும் ஒருங்கே நீடிக்குமானால் மக்களாட்சி என்னும் கட்டடமே தகர்ந்துவிடும் என்று 1949 நவம்பர் 25-ஆம் நாள் அண்ணல் அம்மன்றத்தில் எச்சரித்ததை நாம் அறிவோம்.

இவ்விடத்தில் ஒன்றை வெளிப்படையாகக் கூறிவிட வேண்டும். கக்கன் அண்ணலின் கட்சியைச் சார்ந்தவர் அல்லர்; காந்தியடிகளின் வழி நின்ற காங்கிரசுக்காரர். 1932-ஆம் ஆண்டின் பூனா உடன்படிக்கையால் ஏற்பட்ட கூட்டுத் தொகுதி முறையில், நம் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பவர்களுள் பெரும்பாலோர் பிற வகுப்பாராகவே இருப்பர். எனவே, அவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுபவர் தம் மக்களுக்காக வாய்திறந்து பேச முடியாமற் போகும் என்ற குறை அன்றும் கூறப்பட்டது, இன்றும் கூறப்படுகிறது. அக்குறையில் உண்மை உண்டு. கக்கனின் பொறுப்பில் இருந்த துறைக்கே அரிசன நலத்துறை என்றுதான் பெயர். அச்சொல்லை இன்று நம்மில் எவரும் ஏற்பதில்லை. இவற்றையெல்லாம் நினைவிற் கொண்டே அவர் வாழ்வை எடைபோட வேண்டும்.

1952 முதல் 1957 வரை மதுரைத் தொகுதியின் மக்களவை உறுப்பினராகப் பணியாற்றினார். காமராசர் முதலமைச்சரான பின்னர், தமிழ்நாடு காங்கிரசுக் கமிட்டியின் தலைவர் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1957 ஏப்ரல் திங்களில் காமராசர் அமைத்த அமைச்சரவையில் மொத்தம் எட்டுப் பேர். அந்த எண்மருள் ஒருவராகிய கக்கனிடம் பொதுப்பணித்துறை ஒப்படைக்கப்பட்டது.

பொதுப்பணித்துறை என்பது என்ன என்று இளைஞர்கள் சற்றே சிந்திக்க வேண்டும். அணை, கால்வாய், அரசுக் கட்டடம் அனைத்தும் அதன் கையில். 1958-இல் சாத்தனூர் அணையும், 1959 சனவரியில் வைகை அணையும் திறக்கப்பெற்ற காலம் அது. ஒரு வேலைக்கு முதலில் மதிப்பீடு போடுவர். பிறகு டெண்டர் விடுவர். ஒப்பந்தக்காரர் வேலையைச் செய்வார். முடிந்த வேலையை அளந்து பொறியாளர் அளவுப் புத்தகத்தில் எழுதுவார். மேலதிகாரி அதைச் சரிபார்ப்பார். அதன் பின்னரே பட்டியலுக்குப் பணம். இந்த ஏற்பாட்டில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஒரு கெசம் ஆழம் தோண்டிய இடத்தில் இரண்டு கெசம் என்று எழுதிவிட்டால், மண்ணுக்கடியில் இருப்பதை யார் போய் அளப்பது? ஒப்பந்தக்காரர் மேலே ஓரிடத்தில் பணம் கொடுத்திருந்தால், அதைக் கீழே ஈடுகட்டாமல் விடமாட்டார். சிமெண்டில் குறையும், கம்பியில் குறையும், கூலியாளின் கூலியிலும் குறையும். அக்கூலியாள் யார்? மண் சுமந்த பெண்கள் யார்? பெரும்பாலும் நம்மவர்களே. ஆகவே மேலே இருப்பவர் கைநீட்டாமல் இருப்பது அவருடைய சொந்த ஒழுக்கம் பற்றிய செய்தி மட்டுமன்று. கடைசியில் மண்வெட்டி பிடிப்பவனின் அன்றாடக் கஞ்சியைப் பற்றிய செய்தியும் ஆகும். இலஞ்சத்தின் சுமை எப்பொழுதும் கீழ்நோக்கியே இறங்குகிறது. ஏழைக்கு நல்லாட்சி தேவைப்படுவதுபோலச் செல்வனுக்குத் தேவைப்படுவதில்லை. செல்வன் தனக்கு வேண்டியதை விலை கொடுத்து வாங்கிக்கொள்வான்.

கக்கன் கைநீட்டவில்லை. அதை அவருடைய அரசியல் எதிரிகளும் ஒப்புக்கொண்டனர். பதவியின் பயன் தம் குடும்பத்தாரையும் உறவினரையும் சென்று சேராதவாறு அவர் காட்டிய கண்டிப்பைப் பற்றி மேலூர்ப் பக்கத்தில் பல கதைகள் வழங்குகின்றன. வாய்வழிக் கதைகள் வளரும் இயல்புடையன. அவற்றையெல்லாம் ஈண்டு எழுதப் புகவில்லை. ஏறத்தாழப் பத்தாண்டுகள் அமைச்சராக இருந்தவர், பின்னர் வாடகை வீட்டில் குடியிருந்து, பேருந்தில் பயணம் செய்தார் என்பதொன்றே போதும்.

1962-இல் வேளாண்மைத் துறை அவரிடம் வந்தது. 1963 அக்டோபரில் காமராசர் பதவி விலகி, பக்தவத்சலம் முதலமைச்சரானபோது, கக்கன் உள்துறை அமைச்சரானார். சேரியிற் பிறந்த ஒருவர் மாநிலத்தின் காவல் துறைக்குத் தலைவரானது சிறு செய்தி அன்று. அவர் அப்பொறுப்பில் இருந்த 1964-ஆம் ஆண்டில்தான் மாநிலத்தில் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் அமைந்தது. அதே ஆண்டில் நடுவணரசும், க. சந்தானம் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, மையக் கண்காணிப்பு ஆணையத்தை நிறுவிற்று. நேர்மையாளர் ஒருவர் நாற்காலியில் இருக்கும்வரை மட்டுமே நேர்மை நிலவும் என்றால், அது அவருடைய ஆயுளுக்கு உட்பட்ட நன்மை. புகார் கொடுக்க ஓரிடமும், அதை விசாரிக்க ஓர் அமைப்பும் இருந்தால்தான், அவர் சென்ற பிறகும் எளியவனுக்கு ஒரு வழி இருக்கும். அந்த அமைப்பு பின்னாளில் எல்லாக் காலத்திலும் அச்சமின்றி இயங்கியதா என்பது வேறு கேள்வி.

அடுத்து வந்தது 1965. இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாணவர்களால் மாநிலமெங்கும் மூண்டது. காவல் துறை துப்பாக்கிச் சூடு நடத்திற்று, பலர் மாண்டனர். அப்போது உள்துறை அமைச்சர் கக்கனே. அவரைப் போற்றி எழுதுவோர் பலர் இவ்வாண்டை ஒரு வரியில் கடந்து செல்வதை நான் கண்டிருக்கிறேன். அது நேர்மையன்று, கக்கனைப் பற்றி எழுதும்போதாவது நாம் நேர்மையாக இருக்க வேண்டாமா? பணத்தில் மாசற்றவர் என்பதனால் ஆட்சியின் எல்லாச் செயல்களும் மாசற்றவை ஆகிவிடா. மக்களின் குரலுக்குச் செவிசாய்ப்பதும் நல்லாட்சியின் ஒரு கூறே. அக்கூற்றில் அன்றைய அரசு தவறிற்று. அத்தவற்றில் உள்துறை அமைச்சருக்கும் பங்கு உண்டு.

1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் தீர்ப்பளித்தனர். மொழிப் போராட்டத்தின் புண் ஆறவில்லை; அரிசித் தட்டுப்பாடும் விலையேற்றமும் வீடுதோறும் உலையைத் தொட்டிருந்தன. விருதுநகரில் காமராசர் தோற்றார். திருப்பெரும்புதூரில் பக்தவத்சலம் தோற்றார். மேலூர் தெற்குத் தொகுதியில் கக்கனும் தோற்றார். நல்லவரைத் தோற்கடித்த மக்கள் நன்றி கெட்டவர்கள் என்று மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறோம். அப்பேச்சை நான் ஏற்கவில்லை. தேர்தல் என்பது நல்லொழுக்கச் சான்றிதழ் வழங்கும் விழா அன்று; ஓர் ஆட்சியை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று மக்கள் கூறும் முடிவு. கக்கன் அம்முடிவை முணுமுணுப்பின்றி ஏற்றார். மாநிலத்தின் காவற்படை முழுவதையும் தன் கீழ் வைத்திருந்தவர், வாக்குச் சீட்டுகள் எண்ணப்பட்டபின் சாதாரணக் குடிமகனானார். மன்னராட்சியில் இது நடவாது.

ஆயினும் வாக்கு ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நினைப்பதற்கும் இடமில்லை. அதே மேலூர் வட்டமே அதற்குச் சான்று. 1996-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலுக்கிடையே தேர்தல் நடந்து, முருகேசன் தலைவரானார். 1997 சூன் 30-ஆம் நாள் அவரும் அவரைச் சார்ந்தோரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். கக்கன் அமைச்சர் பதவியை விட்டு முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன; அவர் பிறந்த வட்டத்திலேயே ஓர் ஊராட்சி அலுவலக நாற்காலியில் அமர நம்மவர் ஒருவர் உயிரை விலையாகக் கொடுக்க நேர்ந்தது. அதே மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் ஒதுக்கீட்டுத் தலைவர் பதவிக்கு முறையான தேர்தல் நடந்து முடிய 2006 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு கக்கனை அமைச்சராக்குவது சட்டத்தால் முடிந்தது. ஓர் ஊரின் மனத்தை மாற்றுவது அத்துணை விரைவில் முடியவில்லை.

கக்கனின் இறுதிக் காலம் வறுமையிலும் நோயிலும் கழிந்தது. மதுரை அரசு மருத்துவமனையில், ஏழை எளியோர் படுத்திருக்கும் பொது வார்டில் அவரும் ஒருவராகச் சேர்ந்திருந்தார். அப்போது முதலமைச்சராக இருந்த எம். ஜி. இராமச்சந்திரன், அம்மருத்துவமனையில் இருந்த மதுரை முத்துவைக் காண வந்த இடத்தில், கக்கனும் அங்கிருப்பதாகக் கேள்வியுற்றுத் திகைத்து, அவரிடம் சென்றார். பின்னர் அரசு அவருக்கு உதவிகள் அளித்தது. இதை எம். ஜி. ஆரின் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவதே வழக்கம்; அது உண்மையே. எனக்கோ, அந்தப் பொது வார்டைப் பற்றிய நினைவே மேலோங்குகிறது. பத்தாண்டுகள் அமைச்சராக இருந்தவர், எளிய குடிமகனுக்கு அரசு தரும் மருத்துவம் எதுவோ அதையே தாமும் பெற்றுக்கொண்டு, யாருக்கும் சொல்லியனுப்பாமல் அங்கே படுத்திருந்தார்.

1981 திசம்பர் 23-ஆம் நாள் அவர் மறைந்தார். 1999-இல் நடுவணரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. தும்பைப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் எழுப்பப்பட்டுள்ளது. மதுரைக்குச் செல்லும் நம் மாணவர்கள் மீனாட்சியம்மன் கோயிலைக் கண்ட பின், மேலூர் வழியாகத் தும்பைப்பட்டிக்கும் ஒரு முறை சென்று வரலாம். இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தான்.