அண்டிறிக்கிப் பாதிரியார்

ஆறுமுகநேரியின் உப்பளங்களைக் கடந்து வடக்கே சில மைல் செல்லின், பொருநையாறு கடலொடு கலக்குமிடத்தே புன்னைக்காயல் என்னும் பரதவர் ஊர் உளது. மீன் வரும் ஊர் என்பதற்கு மேல் இளமையில் யான் அதனைப்பற்றி ஒன்றும் அறிந்திலேன். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்து அச்சுநூல்களின் வரலாற்றைக் கற்கப் புகுந்த பின்னரே, தமிழெழுத்தை முதன்முதல் அச்சேற்றிய பெரியார் அவ்வூரையே தம் ஊராகக் கொண்டு வாழ்ந்தவர் என்பது தெரிந்தது. என்றிக்கே என்றிக்கஸ் என்பது அவர்தம் போர்ச்சுகீசியப் பெயர். இந்நாட்டார் வாயில் வழங்கியவாறே அண்டிறிக்கிப் பாதிரியார் எனத் தம் நூலிற் பொறித்துக்கொண்டார்.

இவர் 1520ஆம் ஆண்டு போர்ச்சுகல் தேயத்து வில்லவிசோசா நகரிற் பிறந்தவர். இளமையிலேயே துறவு பூண விரும்பிப் பிரான்சிஸ்கு சபையிற் சேர்ந்தார். ஆயின் அவர் யூத மரபினர் என்னுங் காரணத்தால் அச்சபையினின்று நீங்க நேர்ந்தது. நம் ஆண்டவரும் அம்மரபிலேயே அவதரித்தார் என்பதை நீக்கியோர் எண்ணினரோ, இலரோ, அறியேன். பின்னர்க் கோயிம்பிராப் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்று, 1545இல் இயேசு சபையிற் சேர்ந்தார். மறு ஆண்டே கப்பலேறிக் கோவை நகர் அடைந்தார். (ஈண்டுக் கோவை என்றது போர்ச்சுகீசியர் தலைநகராகிய கோவாவையே.) ஆண்டிருந்து முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார்.

அக்காலத்து இக்கரையில் மொழியின்மை பெருந்தடையாய் இருந்தது. சவேரியார் 1542இல் வந்து, துபாஷிகளின் துணைகொண்டு செபங்களைத் தமிழிற் பெயர்த்து மனப்பாடஞ் செய்து ஊரூராய் ஓதினார். விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்னுஞ் சொல் புகுந்துவிட்டதை 1544இல் அவரே கண்டு திருத்தினார். நம்புகிறேன் என்று சொல்லக் கருதியோர் எனக்கு வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தனர். பிழை ஒரு சொல்லே. ஆயினும் அது விசுவாசத்தின் உயிர்நிலையிலன்றோ விழுந்தது! இனி வருவோர் தமிழைத் தாமே கற்றல் வேண்டுமெனச் சவேரியார் கொண்ட உறுதியின் காரணம் விளங்குகிறது. அண்டிறிக்கியாரை நோக்கி, தமிழுக்கு இலக்கணம் ஒன்று எழுதுமாறும் அவர் பணித்தார்.

இப்பணி எத்துணை அரிது என்பதை நம் வகுப்பு மாணவர் உணர்வர். நன்னூல் முதலியவற்றைக் கற்பிக்கும் புலவர் எவரும் அவர்க்கு வாய்த்திலர். அச்சிட்ட அகராதி இல்லை. உடல் நலமும் இல்லை. லகர ளகர ழகர வேறுபாட்டில் நாமே நாள்தோறும் இடறுகிறோம். அயல்நாட்டார் பட்ட பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ! ஒருமுறை தளர்ந்தும், மீண்டும் முயன்றார். இலத்தீன் இலக்கணத்து வேற்றுமை வாய்பாடுகளையும் வினைத்திரிபுகளையும் சட்டமாகக் கொண்டு, பரதவர் வாய்ப்பேச்சை அதனுள் அடைத்துப் பார்த்தார். 1548ஆம் ஆண்டு இறுதியில் வேம்பாற்றிலிருந்து தம் தலைவர் இஞ்ஞாசியார்க்குத் திருமுகம் விடுத்தபொழுது, துபாஷியை விட்டொழிக்கும் நிலையை எய்தியிருந்தார். அவ்விலக்கணத்தின் கையெழுத்துப்படி இன்றும் லிஸ்பன் நூலகத்தில் உளது. 2013இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

கீழ்ப்படிதல் என்றவுடன் வாய்மூடி இருத்தல் என்றே நம்மிற் பலர் கொள்கின்றோம். அண்டிறிக்கியார்க்கோ வந்த கட்டளை வாய் திறக்கும் கட்டளை. தேவன்மேல் வைத்த அன்பை அவர் பகுபதங்களைப் பிரித்தறிவதிலும், நாத்திரியாத எழுத்துக்களை நூறுமுறை சொல்லிப் பழகுவதிலும் காட்டினார். அன்றியும், அவர் மேலோர் செய்ததெல்லாம் நன்றெனத் தலையசைத்தவரும் அல்லர். பரதவரை வருத்திய போர்ச்சுகீசியத் தலைவர்மீது அஞ்சாது முறையிட்டு எழுதினார்.

1549இல் அவருடைய தலைவராகிய கிரிமினாலி அடிகள் வேதாளையிற் கொலையுண்டார். எஞ்சியோர் அண்டிறிக்கியாரையே தலைவராகத் தெரிந்தனர். புன்னைக்காயலில் ஏழைகட்கு மருத்துவமனை அமைத்தார். பரதவர் தந்த பொருளால் அது நடந்தது. 1553இல் அவ்வூர் பகைவர் கைப்பட்டபொழுது சிறைப்பட்டு, பின் மீட்கப்பட்டார். 1560இல் மக்களை மன்னார்த் தீவுக்குக் குடியேற்றியபோது தாமும் உடன் சென்றார்.

ஐம்பத்தைந்து வயதைக் கடந்த பின்னரே நூல்களை எழுதி அச்சிடும் பணி அவர்பால் ஒப்புவிக்கப்பட்டது. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களில் வெளிவந்தது. அச்சுச் செலவுக்குப் பரதவர் 400 குருசாது நாணயம் திரட்டித் தந்தனர் என்பர். முத்தெடுக்க மூச்சடக்கி மூழ்கியோர் ஈட்டிய பணம் அது. மறு ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ அச்சாயிற்று. 1586இல் ஏறத்தாழ எழுநூறு பக்கங்கொண்ட ‘அடியார் வரலாறு’ முடிந்தது. இதனைப் புன்னைக்காயலிலேயே அச்சிட்டனர் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து.

இனி, என் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. 1593ஆம் ஆண்டு உரோமையிற் கூடிய இயேசு சபையின் பொதுச்சங்கம், யூத மரபினரைச் சபையிற் சேர்த்தல் கூடாதெனத் தீர்மானித்தது. அத்தீர்மானம் 1946இலேதான் முற்றும் நீக்கப்பட்டது. அது பிறந்தபொழுது அண்டிறிக்கியார்க்கு வயது எழுபத்துமூன்று. அச்சபைக்காக இக்கடற்கரையில் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருந்தார். இளமையில் ஒரு சபை அவர் குருதியை நோக்கிக் கதவடைத்தது. முதுமையில், தாம் வாழ்ந்த வீடே அதே கதவை அமைத்துக்கொண்டது. அவர் சபையை விட்டு நீங்கவில்லை. புன்னைக்காயலை விட்டும் நீங்கவில்லை. அக்கீழ்ப்படிதல் அத்தீர்மானத்தை இயற்றியோர்க்குச் செய்ததன்று என்றே யான் கருதுகிறேன்.

1600ஆம் ஆண்டு அவர் காலமானார். அன்று அண்டையூர் முஸ்லிம்கள் நோன்பிருந்தனர் என்றும், இந்துக்கள் கடைகளை அடைத்து உண்ணாதிருந்தனர் என்றும் கூறுவர். தூத்துக்குடியில் அவரை அடக்கம் செய்தனர்.