கொங்கோவின் சாட்சியைத் தூக்கிலிட்ட சாம்ராஜ்யம்

ஓர் அரசாங்கம் தனது ஆட்சிக்குட்பட்ட மக்களை நடத்தும் விதம் அதன் உள்விவகாரமே என்ற வாதம் இன்று நேற்றுத் தோன்றியதல்ல. நூறு வருடங்களுக்கு முன்னர் கொங்கோ விடயத்தில் அந்த வாதத்தை வலுவிழக்கச் செய்தவர்களுள் முதன்மையானவர் ரொஜர் கேஸ்மன்ட். அவருக்குக் கிடைத்த கௌரவமும் தண்டனையும் ஒரே அரசாங்கத்தின் கைகளிலிருந்து வந்தவை என்பதே அவரது வாழ்க்கையின் விசித்திரமாகும்.

1864 செப்டெம்பர் முதலாம் திகதி அயர்லாந்தின் டப்ளின் நகருக்கு அண்மையில் பிறந்த கேஸ்மன்ட், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். லிவர்பூல் கப்பல் கம்பனியொன்றில் எழுதுவினைஞராகப் பணியாற்றிய பின்னர் 1884 இல் கொங்கோ சென்றார். அக்காலப் பகுதியிலேயே, 1884-85 பேர்லின் மாநாட்டையொட்டி, வல்லரசுகள் அப்பெரும் நிலப்பரப்பை பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனிப்பட்ட ஆளுகைக்குட்பட்ட சுதந்திர அரசாக ஏற்றுக்கொண்டன. சுதேச மக்களின் நலன் பேணப்படும் என்றும் அடிமை வியாபாரம் ஒழிக்கப்படும் என்றும் வாக்குறுதிகள் வழங்கப்பட்டன. மன்னரோ ஒருநாளேனும் கொங்கோ மண்ணை மிதித்ததில்லை.

உலகச் சந்தையில் இறப்பருக்குக் கிராக்கி அதிகரித்தபோது அந்த வாக்குறுதிகள் காற்றில் பறந்தன. காட்டு இறப்பரைச் சேகரித்துக் கொடுக்குமாறு கிராமங்கள் நிர்ப்பந்திக்கப்பட்டன. குறித்த அளவு கிடைக்காதபோது பெண்கள் பணயமாகப் பிடிக்கப்பட்டனர். மனிதரின் கைகள் துண்டிக்கப்பட்டன. மதப் பிரசாரகர்கள் அனுப்பிய தகவல்கள் ஐரோப்பாவை எட்டிய போதிலும், அவை ஆதாரமற்ற வதந்திகள் என மறுக்கப்பட்டன.

1903 மே மாதத்தில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் பொதுச்சபை இவ்விடயம் குறித்துத் தீர்மானமொன்றை நிறைவேற்றியது. அப்போது கொங்கோவில் பிரிட்டிஷ் கொன்சலாக இருந்த கேஸ்மன்ட் நேரில் விசாரணைக்குப் புறப்பட்டார். அரசின் படகுகளில் பயணிப்பதைத் தவிர்த்து, மிஷனரிமாரின் நீராவிப் படகொன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டார். கிராமம் கிராமமாகச் சென்று, பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தார். 1887 இல் தாம் கண்டபோது சுமார் 5,000 பேர் வாழ்ந்த லுக்கொலெலாவில் 600 பேர்கூட எஞ்சவில்லை என எழுதிய அவர், உறக்க நோயும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கவில்லை. இத்தகைய நேர்மையே அவரது அறிக்கையைப் புறந்தள்ள முடியாததாக்கியது.

1904 பெப்ரவரியில் அந்த அறிக்கையை வெளியிட்ட பிரிட்டிஷ் வெளிவிவகார அமைச்சு, ஆட்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் நீக்கிவிட்டு வெறும் எழுத்துகளை இட்டது. பெயரற்ற சாட்சியம் வலுவிழந்துவிடும் எனக் கேஸ்மன்ட் கடுமையாக ஆட்சேபித்தார். அரசாங்கத்தை மாத்திரம் நம்பியிருப்பதில் பயனில்லை என்பதை உணர்ந்த அவரது ஊக்குவிப்புடன், எட்மண்ட் மொரெல் அதே ஆண்டு கொங்கோ சீர்திருத்தச் சங்கத்தை ஆரம்பித்தார்.

அழுத்தத்தைத் தணிக்கும் நோக்கில் லியோபோல்ட் தாமே நியமித்த விசாரணைக் குழுவும் 1905 இல் குற்றச்சாட்டுகளின் சாராம்சத்தை உறுதிப்படுத்தியது. 1908 இல் கொங்கோ மன்னரின் பிடியிலிருந்து பெல்ஜிய அரசுக்குக் கைமாறியது. சீர்திருத்தங்களைக் காணும்வரை பிரிட்டன் 1913 வரை இம்மாற்றத்தை அங்கீகரிக்கவில்லை. குடியேற்ற ஆட்சி தொடர்ந்தபோதிலும், இறப்பரின் பெயரால் நிகழ்ந்த மிக மோசமான கொடுமைகள் குறைந்தன.

1910 இல் தென் அமெரிக்காவின் புட்டுமாயோ பிரதேசத்துக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கு பழங்குடி மக்களைக் கசக்கிப் பிழிந்த இறப்பர் கம்பனி லண்டனில் பதிவு செய்யப்பட்டிருந்தது. அதன் ஊழியர்களுள் பிரிட்டிஷ் பிரஜைகளான பார்படோஸ் தீவினரும் இருந்தமையால், பிரிட்டன் தலையிடுவதற்கு வழி பிறந்தது. பெரு அரசாங்கம் குற்றவாளிகளைத் தண்டிப்பதில் காட்டிய அசிரத்தை காரணமாக 1912 இல் அவரது அறிக்கை பகிரங்கமாக்கப்பட்டது. அதற்கு முன்னதாக, 1911 இல், அவருக்கு சேர் பட்டம் வழங்கப்பட்டிருந்தது.

கொங்கோவிலும் புட்டுமாயோவிலும் கண்டவை, தமது சொந்த அயர்லாந்தையும் புதிய கண்கொண்டு பார்க்க அவரைத் தூண்டின. 1913 இல் அரச சேவையிலிருந்து விலகிய அவர், முதலாம் உலக யுத்தத்தின்போது ஐரிஷ் விடுதலைக்கு உதவி கோரி, பிரிட்டனின் எதிரியான ஜேர்மனிக்குச் சென்றார். 1916 ஏப்ரலில் ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து அயர்லாந்தின் கரையில் இறங்கியவர் அன்றே கைதானார். 1351 ஆம் ஆண்டின் தேசத்துரோகச் சட்டத்தின் கீழ் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

கருணை மனுவில் ஆர்தர் கொனன் டொய்ல் போன்றோர் முன்னின்றனர். ஒருபாலுறவு குற்றமாகக் கருதப்பட்ட அக்காலத்தில், அவருடையவை எனப்பட்ட அந்தரங்க நாட்குறிப்புகளின் பகுதிகளை அதிகாரிகள் செல்வாக்குமிக்கோரிடையே இரகசியமாகச் சுற்றவிட்டு அந்த ஆதரவைக் கரைத்தனர். பட்டம் பறிக்கப்பட்டது. 1916 ஓகஸ்ட் 3 ஆம் திகதி லண்டன் பென்டன்வில் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டு அதே சிறையில் மொரெலும் அடைக்கப்பட்டார். யுத்தத்தை எதிர்க்கும் பிரசுரங்களை வெளிநாட்டுக்கு அனுப்பியமையே அவர் மீதான குற்றம். கேஸ்மன்டின் எச்சங்கள் 1965 இல்தான் டப்ளினுக்குக் கொண்டுவரப்பட்டு அரச மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன.

வல்லரசுகள் பிறர் வீட்டுக் கொடுமையைக் காணும் கண்ணால் தம் வீட்டைக் காண்பதில்லை என்பதற்கு இவ்வரலாறு சான்று. ஆயினும் அழுத்தம் கொடுப்பவரின் கைகள் சுத்தமற்றவை என்பதற்காகப் பாதிக்கப்பட்டோரின் சாட்சியம் பொய்யாகிவிடுவதில்லை. லண்டனின் நோக்கம் எதுவாக இருந்தபோதிலும், கை துண்டிக்கப்பட்டவர் சொன்னது உண்மை. அந்த உண்மையைப் பெயருடனும் ஊருடனும் பதிவு செய்ய ஒருவர் முன்வந்தமையாலேயே, அதனை எவராலும் மறுக்க முடியாமற்போனது.