வாசித்தவரும் வடித்தவரும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி, ரமணாசிரமத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் குடியிருப்பவன் நான். எங்கள் பகுதிக்கு ஆண்டில் இரண்டு நாள்கள் தனிச்சிறப்பு உண்டு. கார்த்திகை தீபத்துக்குப் பின் ஒருமுறையும், தை மாதத் திருவூடலுக்குப் பின் ஒருமுறையும் அண்ணாமலையாரே மலையை வலம்வருவார். அன்று நாங்கள் கோயிலுக்குப் போக வேண்டியதில்லை. சுவாமி எங்கள் வாசலுக்கு வருவார். அவர் வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு வெகுமுன்பே காதுக்குத் தெரிந்துவிடும். சாலை வளைவுக்கு அப்பால் தவில் முழங்கும்; அதற்கு மேலேறி நாகஸ்வரம் கேட்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதத்தில் அப்படிக் காத்து நின்றபோது என் பக்கத்தில் வெளிநாட்டு முதியவர் ஒருவர் நின்றார். ஆசிரமத்துக்காக வந்து எங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். வாழ்நாள் முழுவதும் ஜாஸ் கிட்டார் வாசித்தவர். தாம் வாசித்த கிட்டார்களை அவர் வரிசையாகச் சொல்வார்: எந்த வயதில் எது, யார் செய்தது, ஏன் அதை விட்டு அடுத்ததற்குப் போனார் என்று. தம் வாழ்க்கையையே அந்த வரிசையில்தான் அவர் நினைவில் வைத்திருந்தார்.

ஊர்வலம் கடந்துபோனதும் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். இந்தக் கருவியை வாசித்தவர்களில் மிகப் பெரியவர் யார் என்பது முதல் கேள்வி. திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை என்று உடனே சொன்னேன். அவருடைய கருவியைச் செய்தவர் யார் என்பது இரண்டாவது கேள்வி. என்னிடம் பதில் இல்லை. ராஜரத்தினத்தின் தோடியைச் சிறுவயது முதல் இசைத்தட்டில் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தத் தோடி எந்த மரத்திலிருந்து, யாருடைய கைவேலையிலிருந்து புறப்பட்டது என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அந்த வெட்கத்தில் தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாடத் தெரிந்த காது

ராஜரத்தினம் 1898 ஆகஸ்ட் 27 அன்று திருமருகலில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமன் நடேச பிள்ளை நாகஸ்வர வித்வான். பிள்ளையைத் தம் மகனாகவே ஏற்று வளர்த்தவர். பெயருக்கு முன்னால் நிற்கும் டி.என். என்னும் எழுத்துகள் திருமருகலையும் நடேசனையும் குறிப்பவை. ராஜரத்தினம் என்ற பெயர் பின்னால் வந்து நிலைத்தது.

நாயனம் வாசிக்கும் குடும்பத்தில் வளர்ந்தாலும், அவர் முதலில் கற்றது வாய்ப்பாட்டு. வயலின் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணையரிடம் பயின்று, சிறுவயதிலேயே மேடையேறிப் பாடியவர். அதன் பிறகுதான் அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகஸ்வரம் கற்றார். அவர் வாழ்க்கையில் இந்த வரிசை முக்கியமானது என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டில் ஊறிய காதோடு நாயனத்தைக் கையில் எடுத்தவர் அவர். தொண்டையில் எளிதாக வரும் ஓர் இழைவு குழலில் வர மறுக்கும்போது, கருவி இவ்வளவுதான் என்று அந்தக் காது சமாதானம் அடைந்திருக்காது.

தெருவுக்கான நாயனம்

அந்நாளில் பெரிதும் வழக்கில் இருந்தது திமிரி நாயனம். அது அளவில் குட்டை, சுருதியில் உயரம். நான்கு கட்டை, ஐந்து கட்டை என்று ஓங்கி ஒலிப்பது. அப்படி அமைந்ததற்குக் காரணம் உண்டு. நாகஸ்வரம் வீதியில் வாழ்ந்த கருவி. சுவாமி புறப்பட்டுவிட்டார் என்பதை நான்கு மாட வீதிகளுக்கும் அறிவிக்க வேண்டும். தேர் இழுப்போரின் ஆரவாரத்துக்கும் தவிலின் முழக்கத்துக்கும் மேலே கேட்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத உலகில், ஊரையே எட்டும் அந்தக் கூர்மைதான் திமிரியின் பெருமை.

ஆனால் ராகத்தை நிதானமாக, அடுக்கடுக்காக விரிக்க விரும்பியவருக்கு அந்தக் கூர்மையே தடையாயிற்று. இன்னொரு தடையும் இருந்தது. நாகஸ்வரத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழுதான். சுரங்களின் நுட்ப வேறுபாடுகளை விரலைப் பாதி மூடியும், சீவாளியில் உதட்டின் அழுத்தத்தையும் மூச்சின் வேகத்தையும் கூட்டிக் குறைத்தும் கொண்டுவர வேண்டும். திமிரியில் சுத்த மத்திமம் தானாக அமைந்து வராது. பிரதி மத்திமத்தின் பக்கம் சாயும் ஒலியை வாசிப்பவர்தான் அடக்கிக் கீழே இறக்க வேண்டும். தோடி சுத்த மத்திம ராகம். ஒரு தோடியை மணிக்கணக்கில் ஆலாபனை செய்பவர், தொடும்போதெல்லாம் அந்த ஒரு சுரத்தோடு மல்லுக்கட்டியாக வேண்டும் என்றால் எவ்வளவு பெரிய துன்பம் அது!

ஆசாரியின் பட்டறை

திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்வானாக ராஜரத்தினம் வாழ்ந்த ஊருக்குப் பக்கத்திலேயே, கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் இருக்கிறது நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் செய்வதையே குலத்தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் வாழும் சிற்றூர். அங்கே இருந்தவர்தான் ரங்கநாதன் ஆசாரி. வெளிநாட்டு முதியவரின் இரண்டாவது கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பெயர் அது.

குழலுக்கு அவர்கள் எடுப்பது ஆச்சா மரம். புதிதாக வெட்டிய மரம் ஆகாது, வெடித்துவிடும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூண்களும் உத்தரங்களும்தான் வேண்டும். பல பத்தாண்டுகள் காய்ந்து, ஈரம் முழுவதும் வற்றிய அந்த மரத்தைக் கடைந்து, உள்ளே துளை இட்டு, சுரத்துளைகளின் இடத்தைக் கணித்துக் குடைய வேண்டும். ஒரு துளை இம்மி அளவு மேலே போனாலும் கீழே வந்தாலும் சுரம் பிசகும். ஆசாரி வாசிப்பவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வாசிப்பவரின் காது அவருக்கும் இருந்தாக வேண்டும்.

ராஜரத்தினத்தின் தேவையும் ரங்கநாதன் ஆசாரியின் கைத்திறனும் சேர்ந்த இடத்தில்தான் இன்று நாம் கேட்கும் பாரி நாகஸ்வரம் நிலைபெற்றது. அது திமிரியைவிட நீளமானது. சுருதி இரண்டு கட்டை, இரண்டரைக் கட்டை என்று தாழ்ந்து நிற்பது. ஒலி கனமும் குளுமையும் கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுத்த மத்திமம் அதில் சுத்தமாகவே ஒலித்தது. குழலை நீட்டினால் துளைகளுக்கு இடையிலான தூரமும் மாறும். அத்தனை கணக்குகளையும் மறுபடி போட்டாக வேண்டும். வாசிப்பவருக்கும் அது எளிதன்று. விரல்கள் அகல வேண்டும். மூச்சு கூடுதலாக வேண்டும். இளமை முதல் பழகிய கருவியை விட்டுப் புதிய அளவுக்குக் கையைப் பழக்குவது, பெயர் பெற்ற ஒரு கலைஞருக்குச் சிறிய துணிச்சல் ஆகாது.

சார்லி கிறிஸ்டியன் என்ற அமெரிக்கரைப் பற்றி அந்தக் கிட்டார் முதியவர் சொல்லித்தான் அறிந்தேன். ஜாஸ் குழுக்களில் பித்தளைக் கருவிகளின் முழக்கத்துக்கு நடுவே கிட்டார் வெறும் தாளத்துணையாக ஒதுங்கிக் கிடந்தது. 1936இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட மின் கிட்டாரைக் கையில் எடுத்த கிறிஸ்டியன், 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து, கிட்டாரும் தனித்து நின்று பேசும் என்று காட்டினார். 1942இல், 25 வயதில் இறந்துபோனார். கிறிஸ்டியனுக்குத் தேவைப்பட்டது ஓசை. ராஜரத்தினத்திடம் ஓசை ஏற்கெனவே இருந்தது. அவர் தேடியது ஆழம். திசைகள் எதிரெதிரானவை. ஆனால் இருவருமே தங்கள் கருவியை அது நின்றிருந்த இடத்திலிருந்து வேறோர் இடத்துக்கு நகர்த்தியவர்கள்.

வீதியிலிருந்து மேடைக்கு

அந்த இடமாற்றம் இசையோடு நின்றுவிடவில்லை. நாகஸ்வரக்காரர் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாசிக்க வேண்டியவர் என்பதே அன்றைய வழக்கம். வாய்ப்பாட்டுக்காரருக்கு மேடையும் ஜமக்காளமும் உண்டு, நாயனக்காரருக்கு வீதி. சாதி ஏற்றத்தாழ்வு அந்த ஏற்பாட்டுக்குள் வெளிப்படையாகவே இருந்தது. ராஜரத்தினம் அதை ஏற்கவில்லை. மேடையில் உட்கார்ந்து வாசித்தார். தலையைக் கிராப்பு வெட்டிக்கொண்டார். ஷெர்வானியும் கோட்டும் அணிந்தார். நாகஸ்வரச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தைத் தயக்கமின்றிச் சூடிக்கொண்டார். அவருடைய செருக்கு என்று பலர் பேசியதை, தலைமுறை தலைமுறையாகக் குனிய வைக்கப்பட்டவர்களின் நிமிர்வு என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

பாரி நாயனத்தின் நிதானமான ஒலி, உட்கார்ந்து வாசிப்பதற்கும் உட்கார்ந்து கேட்பதற்கும் ஏற்றதாக இருந்தது. ஒலிபெருக்கியும் இசைத்தட்டும் வானொலியும் பரவிய காலமும் அதுதான். தொலைவைக் கடக்கும் வேலையை அவை எடுத்துக்கொண்டதால், கருவி அருகில் வந்து பேசலாம் என்றாயிற்று. 1940இல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய காளமேகம் படத்தில் ராஜரத்தினமே கவியாக நடித்தார். 1947 ஆகஸ்ட் 14 அன்று, நாடு விடுதலை பெறவிருந்த வேளையில், டெல்லிக்குச் சென்ற திருவாவடுதுறை ஆதீனக் குழுவில் அவருடைய நாகஸ்வரமும் சென்று ஒலித்தது.

அவரைக் குறையற்ற மனிதராக்க எனக்கு விருப்பமில்லை. ஒப்புக்கொண்ட கச்சேரிக்குப் போகாமல் இருந்தார், வந்த பணத்தையெல்லாம் செலவழித்தார், குடித்தார். 1956 டிசம்பர் 12 அன்று, 58 வயதில் மறைந்தபோது அவரிடம் செல்வம் எதுவும் சேர்ந்திருக்கவில்லை. விட்டுச்சென்றது ஒரு பாணியையும் ஒரு கருவியையும். அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் அந்த வழியைத் தொடர்ந்தார்; 1962இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை படத்தின் வழியாக நாகஸ்வரத்தைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுசேர்த்தார். அவரும் 1964இல், 43 வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னும் இளமையில் மறைந்தார். கச்சேரி மேடையில் இன்று பாரி வாசிக்காத நாகஸ்வரக் கலைஞரைக் காண்பது அரிது.

அடுத்த குழல் யார் கையில்?

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் குறியீடு மரத்தைக் கடையாது. ஆச்சா மரம் அரிதாகிவிட்டது. பழைய வீடுகளின் உத்தரங்களும் முடிவில்லாமல் கிடைக்கப்போவதில்லை. தொழிலில் இருக்கும் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கருவி வாங்குவோர் பெருகினால் அல்லாமல் அவர்களின் பிள்ளைகள் பட்டறைக்கு வரமாட்டார்கள். வாசிப்போருக்கு வேலை இருந்தால் அல்லாமல் வாங்குவோர் பெருகமாட்டார்கள்.

அந்த வேலைதான் சுருங்குகிறது. நான் அடிக்கடி போகும் ஒரு சிறிய கோயிலில், தீபாராதனை நேரத்தில் பொத்தானை அழுத்தினால் முரசும் மணியும் தாமாக அடித்துக்கொள்ளும் மின் இயந்திரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். முன்பு அங்கே வாசித்தவர் இப்போது முகூர்த்த நாள்களில் மட்டும் நாயனத்தை எடுக்கிறார். இயந்திரம் சம்பளம் கேட்பதில்லை, தாமதமாக வருவதில்லை. அதற்குச் சுத்த மத்திமம் தேவைப்படுவதும் இல்லை.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகஸ்வரமும் தவிலும் கற்பிக்கப்படுகின்றன. அங்கே சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் ஆசாரி ஒருவர் செய்த நல்ல கருவியை அரசே வாங்கித் தரலாம். கருவி செய்வதையும் ஒரு பாடமாக்கி, ஆசாரிகளை ஆசிரியர்களாக அமர்த்தலாம். ஆச்சா மரத்தை வருங்காலத்துக்காக இப்போதே நட்டு வளர்க்கலாம். அது காய்ந்து குழலாகப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால்தான் இன்றே நட வேண்டும் என்கிறேன். வருவாயுள்ள கோயில்கள் ஒரு மேளக் குழுவுக்கு மாதச் சம்பளம் தருவது பெரிய செலவு ஆகாது.

அந்தக் கிட்டார் முதியவர் ஊர் திரும்பிவிட்டார். கடந்த தை மாதத்தில் அண்ணாமலையார் எங்கள் சாலைவழி வந்து, ஊர்வலம் சற்று நின்று இளைப்பாறியபோது, சீவாளியைச் சரிசெய்துகொண்டிருந்த இளைஞரிடம் சென்று, அவர் கையிலிருந்த நாயனத்தைச் செய்தவர் யார் என்று கேட்டேன். வழக்கமாக யாரும் கேட்காத கேள்வி என்பதால் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ஓர் ஆசாரியின் பெயரைச் சொன்னார். நரசிங்கம்பேட்டைக்காரர் என்றும், குழல் தம் தாத்தா காலத்தது என்றும் சொன்னார். சுவாமி புறப்பட்டது. அவர் நாயனத்தை உதட்டில் வைத்துக்கொண்டு நடந்தார்.